குன்னூர்ச் சரிவில் ஒரு பழைய கல் வீடு: இடிக்கும் திட்டம் மாறியது எப்படி (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

இது குன்னூரை ஒட்டிய ஒரு சரிவில் இருக்கும் வீட்டைப் பற்றியது. வீட்டுக்காரர்கள், ஆர்க்கிடெக்ட், மேஸ்திரி, யாருடைய பெயரையும் எழுதவில்லை. முதல் அளவெடுப்பிலிருந்து கடைசிப் பூச்சு வரை சைட் எஞ்சினியராக நான் கூட இருந்தேன். மலையில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கும், பழைய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் இது உதவும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1930களின் கடைசியில், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் கட்டிய வீடு. இடம் 11 சென்ட். வீடு ஏறக்குறைய 1,400 சதுர அடி. 18 அங்குலக் கல் சுவர். கல்லுக்கு நடுவே மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. மரச் சட்டத்தின் மேல் தகரக் கூரை, இரண்டு சிம்னி, முன் அறைகளில் பலகைத் தரை. ரோட்டிலிருந்து கல் படிகளில் இறங்கித்தான் வாசலுக்குப் போக முடியும். வண்டி வராது.

இப்போது அங்கே இருப்பவர் அந்தப் பெரியவரின் மருமகள், எண்பதை நெருங்கும் அம்மா. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த மகனும் அவர் மனைவியும் கோயம்புத்தூரை விட்டு அம்மாவோடு வந்து இருப்பதென்று முடிவு செய்தார்கள். இளைய மகன் பெங்களூரில். வீட்டின் நிலைமையைப் பார்த்து மூத்தவர் எடுத்த முடிவு எளிமையானது: இடித்துவிட்டு, பின்பக்க மேட்டை வெட்டி இடம் உண்டாக்கி, கான்கிரீட்டில் இரண்டு மாடி, கீழே கார் நிறுத்தம், ரோட்டிலிருந்து ஒரு சாய்தளம். மேட்டுப்பாளையத்து காண்ட்ராக்டர் ஒருவர் பிளானையும் தானே இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அதைத் தடுத்தவர் மூத்தவரின் மனைவி. காசு வாங்காமல் பிளான் போடுகிறவர் அந்தக் காசைக் கம்பியிலோ சிமென்டிலோ எடுத்துக்கொள்வார் என்று அவர் சொன்னார். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டும்தான் இந்தியாவில் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். மூத்தவரின் மனைவி பதிவு எண்ணைக் கேட்டு, சரிபார்த்து, மலையில் ஏற்கனவே வேலை செய்திருந்த ஒருவரைப் பிடித்தார். கோவைப் பெண்மணி, நாற்பதுகளில் இருப்பவர். முதல் சந்திப்பு ஆகஸ்ட் கடைசியில்.

முதல் ஏற்பாடு

அந்தச் சந்திப்பில் மூத்தவர், ஒரு மாதத்தில் வரைபடம் வேண்டும் என்றார். ஆர்க்கிடெக்ட் வீட்டைச் சுற்றி வந்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வீட்டைப் பார்க்காமல் பென்சிலைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவு. இங்கே கனமழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் அந்தப் பருவத்தில்தான். ஆகஸ்டில் காய்ந்து நிற்கும் மேட்டை வைத்து நவம்பரை முடிவு செய்ய முடியாது.

காத்திருக்கும் காலத்துக்குத் தனி ஏற்பாடு செய்துகொண்டார்கள். அளவெடுப்பு, ஆய்வு, ஓர் அறிக்கை, இதற்கு மட்டும் ஒரு சிறிய தொகை. அறிக்கை வந்ததும் குடும்பம் விரும்பினால் அவரோடு தொடரலாம், இல்லாவிட்டால் அதை வாங்கிக்கொண்டு வேறு ஆளிடம் போகலாம். தொடர்ந்தால் மொத்த வேலைச் செலவில் ஒரு விகிதம், கட்டம் கட்டமாக. இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘இடிக்க வேண்டாம்’ என்று சொன்னால் வேலை சின்னதாகி அவருடைய கட்டணமும் குறையும். அப்படியிருந்தும் உள்ளதைச் சொல்லும் சுதந்திரத்தை அந்த முன்பணம் அவருக்குக் கொடுத்தது.

மழைக்கு முன் பார்த்தது

தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரம் வரை சுவரெல்லாம் ஓதம். பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. அம்மாவின் அறையில் பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. அம்மா அந்த அறையை விட்டு ஹாலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க ஈரச் சாக்கு வாடை.

2004 வாக்கில் ஒரு பெரிய ரிப்பேர் நடந்திருந்தது. அப்போது செய்தவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று உள்ளும் வெளியும் சிமென்ட் பூசினார்கள். பலகைத் தரை ஆடுகிறது என்று இரண்டு அறைகளில் எடுத்துவிட்டு, கீழே இருந்த வெற்றிடத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி டைல்ஸ் போட்டார்கள். எலி வருகிறது என்று அடித்தளத்தில் இருந்த இரும்புக் காற்றுத் துவாரங்களை அடைத்தார்கள். பின்பக்கம் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஐந்தடி இடம். அதைக் கான்கிரீட் போட்டு மூடி, துணி துவைக்கும் தளமாக்கினார்கள். தளத்தின் சாய்வு வீட்டைப் பார்த்து இருந்தது.

அந்த ஐந்தடியைப் பற்றி அம்மா சொன்னதுதான் ஆய்வின் மிக முக்கியமான தகவல் என்று நினைக்கிறேன். ஆர்க்கிடெக்ட் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா கூப்பிட்டார்: “அம்மிணி, அதுக்கடியில கால்வாய் ஒண்ணு இருக்குதுங்க. எங்க மாமனார் ஐப்பசி பொறக்கறதுக்குள்ள ஆள உட்டு வாரிருவாரு. அவரு போனப்புறம் யாரும் வாரல.” இருபது வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாரும் இதை அவரிடம் கேட்டதில்லை.

மழையில் பார்த்தது

அக்டோபர் நடுவில் மழை பிடித்தது. நாங்கள் செய்த சோதனைகள் எதற்கும் பெரிய கருவி தேவைப்படவில்லை.

முதலில் பாலித்தீன் தாள். ஓரடிக்கு ஓரடி வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளின் மேல் பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், நனைந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று பொருள். உள் பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன் அறையில் மேல் பக்கம் மட்டும் லேசாக வியர்த்திருந்தது. அம்மாவின் அறையிலும் சமையலறைப் பின்சுவரிலும் உள் பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்று, அடி ஓரத்தில் திரண்டிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு வேறு நோய்கள். இரண்டுக்கும் ஒரே ‘வாட்டர் புரூஃப்’ டப்பாவை வாங்கிப் பூசுவதுதான் ஊர் வழக்கம்.

அடுத்து, கூரையின் பின் தாழ்வாரத்திலிருந்து இறங்கும் குழாய். அது மண்ணுக்குள் போகிறது, எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. பின்சுவர் ஓரமாக இரண்டடிக்குச் சின்னக் குழி எடுத்துவிட்டு, துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் குழாயில் ஊற்றினோம். அரை மணி நேரத்துக்குள் குழியின் ஓரத்திலிருந்து நீலத் தண்ணீர் கசிந்து வந்தது. மண்ணுக்குள் குழாய் உடைந்து, பாதிக் கூரையின் மழை முழுவதும் அஸ்திவாரத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மூத்தவர் அந்தக் குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். வீட்டை இடிக்கும் பேச்சு அன்றோடு கொஞ்சம் தளர்ந்தது என்று எனக்குப் பட்டது.

சுவரில் இருந்த விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் பதித்து, பக்கத்தில் தேதி எழுதினோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். டிசம்பர் முடிய ஒன்றுகூட உடையவில்லை. பழைய விரிசல், சுவர் எப்போதோ அமர்ந்து நின்றுவிட்டது.

பின்பக்க மேடு எட்டடி உயரம், கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக வெட்டப்பட்டது. நவம்பரில் ஒரு ராத்திரி மழைக்கு அதன் உச்சியிலிருந்து ஒரு வண்டி மண் பெயர்ந்து துவைக்கும் தளத்தில் விழுந்தது. மேலே பக்கத்து வீட்டாரின் தேயிலை. அங்கிருந்து வழியும் தண்ணீர் மேட்டின் விளிம்பில் தேங்கி உள்ளே இறங்குவதைக் குடை பிடித்துக்கொண்டு நேரில் பார்த்தோம். இந்தச் செம்மண் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும். தண்ணீர் குடித்துவிட்டால் எடையும் கூடும், பிடிப்பும் போய்விடும். இதை இன்னும் உள்ளே வெட்டித்தான் கார் நிறுத்தம் கட்டுவதாக முதல் திட்டம்.

இடிப்பதா, வைத்துக்கொள்வதா

டிசம்பர் கடைசியில் அறிக்கை வந்தது. குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேசியது. இளையவர் பெங்களூரிலிருந்து வீடியோ காலில்.

வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஆர்க்கிடெக்ட் சொன்ன காரணங்கள்: சுவர் தூக்குக் குண்டுக்கு நேராக நிற்கிறது. கூரை மரத்தில் இரண்டு சட்டம் தவிர எல்லாம் வைரமாக இருக்கிறது. மேட்டை வெட்டினால் மேலிருக்கும் தேயிலையும் அதற்கு மேலிருக்கும் வீடும் நம் பொறுப்பாகிவிடும். மலைவாழிடங்களுக்கான கட்டட விதிகளில் உயரத்துக்கு வரம்பு உண்டு; சரிவில் அதற்குள் கார் நிறுத்தமும் இரண்டு மாடியும் அடங்குவது கஷ்டம். ஜேசிபி மாதிரி மண் அள்ளும் இயந்திரத்தை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இங்கே இறக்க முடியாது. மரம் வெட்ட வேண்டி வந்தால் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் தாண்டி ஒரு சாதாரணக் கணக்கு: மணல், ஜல்லி, கம்பி எல்லாம் மலை ஏறி வந்து, ரோட்டிலிருந்து படி வழியாகத் தலைச்சுமையில் இறங்க வேண்டும். இடித்த குப்பை அதே படியில் மேலே ஏற வேண்டும்.

மூத்தவரின் எதிர்வாதம் நியாயமானது, அதையும் பதிவு செய்ய வேண்டும். “எண்பது வருஷச் சுவத்துக்குப் பணம் போட்டா, அது இன்னும் எத்தன வருஷம் நிக்கும்னு யாரு மேடம் கேரண்டி?” ஆர்க்கிடெக்ட் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வரவழைக்கச் சொன்னார், அவருக்கான கட்டணத்தைக் குடும்பமே நேரடியாகக் கொடுக்கும்படி. அவர் வந்து பார்த்து, சுவர் தாங்கும், ஆனால் நான்கு மூலைகளிலும் சுவர்கள் ஒன்றோடொன்று சரியாகப் பிணையவில்லை, கூரைச் சட்டம் உட்காரும் மட்டத்தில் சுற்றிலும் இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும் என்றார். அது வேலையில் சேர்ந்தது.

கார் ரோட்டோரத்திலேயே நிற்கட்டும் என்று முடிவானது. அதற்குப் பதிலாகப் படிகளை உயரம் குறைத்து, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி வைத்து, நடுவில் உட்கார ஒரு கல் மேடை. அம்மாவின் முழங்காலுக்கு இது போதுமா என்பதில் மூத்தவருக்கு இன்றும் முழுத் திருப்தி இல்லை.

புதிதாகச் சேர்க்கப்பட்டது 250 சதுர அடிக்கும் குறைவு: அம்மாவின் அறையோடு ஒரு குளியலறை, சமையலறைக்குக் கிழக்கே ஒரு நீட்டிப்பு. கீழே கல் தூண், மேலே இரும்புச் சட்டம், பலகை, தகரம். மண்ணை வெட்டாமல் சரிவுக்கு மேலேயே நிற்கும்படி. பெரிய ஜன்னல்கள் கிழக்கிலும் தெற்கிலும். குன்னூர் ஏறக்குறைய 11 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கு வானில் சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். குளிர்காலத்தில் ஹாலுக்குள் வெயில் விழ வேண்டுமென்றால் தெற்குச் சுவரில்தான் திறப்பு வேண்டும். பழைய வீட்டில் அந்தப் பக்கம் ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான் இருந்தது.

முதலில் தண்ணீர்

ஜனவரியில் வரைபடத்தை அனுமதிக்குக் கொடுத்துவிட்டு, அதற்குள் வாய்க்காலைத் திறக்கும் வேலையைத் தொடங்கினோம். துவைக்கும் தளத்தை உடைத்தபோது அம்மா சொன்ன கால்வாய் அப்படியே இருந்தது: இரண்டு பக்கமும் கல் அடுக்கி, அடியில் பட்டைக் கல் பதித்து, வீட்டை விட்டு விலகிப் போகும் நல்ல சாய்வோடு. உள்ளே மண்ணும் சோப்புத் துண்டுகளும் பழைய பல் துலக்கியும். தூர் வாரியதும் அது வேலை செய்தது. புதிதாக நாங்கள் வரைந்திருந்த வாய்க்காலைக் கைவிட்டோம்.

மேட்டை ஆள் வைத்து மண்வெட்டியாலேயே பின்னோக்கிச் சாய்த்தோம். அடியில் மூன்றடி உயரத்துக்குக் கம்பிக் கூடையில் கல் நிரப்பிய சுவர். சிமென்ட் வைத்துக் கட்டிய தடுப்புச் சுவர் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, வடிதுளையும் அடைபட்டால், அந்த அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். கம்பிக் கூடையில் தண்ணீர் கல் இடுக்கு வழியாகத் தானே வெளியேறும். சாய்த்த மண்ணில் அங்கேயே வளரும் புல்லைக் கரணையாக வெட்டிப் பதித்தோம். முதல் மாதத்தில் காட்டெருமைகள் வந்து பாதியை மேய்ந்துவிட்டுப் போயின. மறுபடி பதித்து முள் வேலி கட்ட வேண்டியிருந்தது.

மேட்டுக்கு மேலே, தேயிலை ஓரமாக ஒரு வெட்டு வாய்க்கால். இது பக்கத்து வீட்டாரின் நிலத்தில் வருகிறது. அவர்கள் முதலில் சரி என்றார்கள், ஆள் இறங்கியதும் தயங்கினார்கள். தண்ணீர் திருப்பிவிடப்பட்டு தங்கள் செடிக்கு மண் அரித்துவிடும் என்ற பயம். ஆர்க்கிடெக்ட் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அதே வாய்க்கால் அவர்கள் நிலத்தையும் காப்பாற்றும் என்பதைக் கோடு போட்டுக் காட்டினார். வாய்க்காலைக் கல் பதித்து முடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். இதில் மூன்று வாரம் போனது.

மொத்தச் செலவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர் வேலைக்கே போயிற்று. வருகிற விருந்தாளி யாரும் கண்ணால் பார்க்கப் போகாத செலவு. குடும்பத்துக்கு இதைக் கொடுக்க மனம் வந்ததற்கு அந்த நீலத் தண்ணீர்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சுவரும் தரையும்

பிப்ரவரியில் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். மண் சாந்தில் கட்டிய கல் சுவர் எப்போதும் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டுவிடும். சிமென்ட் இறுக்கமானது, ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறுகிறது. பூச்சை எடுத்த அன்று கல் இடுக்கில் விரலை வைத்தால் மண் பிசுபிசுவென்று ஒட்டியது.

சுவர் ஓர் அங்குலம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பது பொதுவான கணக்கு. 18 அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் திறந்து விட்டாலும், ஒரு கோடையில் முழுக்க உலராது. மீதி ஈரம் பூச்சு வழியாகவே வெளியேற வேண்டும். அதனால்தான் மறுபடியும் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் மலையில் கிடைக்கவில்லை. சமவெளியிலிருந்து ஒரு குழு வந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊற வைத்தார்கள். அப்புறம் மணலோடு செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். செங்கல் தூள் இங்கே கண்டிப்பாக வேண்டும்: சும்மா சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும், மூடுபனி ஊரில் அது மிக மெதுவாக நடக்கும். செங்கல் தூள் சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி, மேலே நனைத்த சாக்கு. கடைசியில் பெயின்ட் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சிமென்ட் செய்ததையே அதுவும் செய்யும்.

தரையில் டைல்ஸையும் இடிபாட்டையும் எடுத்தோம். அம்மாவின் அறையில் மறுபடி பலகைத் தரை, அடியில் காற்றோட்டம். துவாரங்களைத் திறந்து எலி நுழையாத கம்பி வலை அடித்தோம். மற்ற அறைகளுக்கும் பலகை போடப் பணம் இல்லை. அங்கே தூசியில்லாத பெரிய ஜல்லி அடுக்கு, அதன் மேல் சுண்ணாம்புக் கான்கிரீட், சுட்ட மண் தரை ஓடு.

பால் காய்ச்சும் தேதி

வைகாசியில் பால் காய்ச்சுவதென்று நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது இளையவர் பெங்களூரிலிருந்து வந்தார். சமையலறைப் பின்சுவரில் இரண்டாவது பூச்சு இன்னும் விரலுக்குப் பதிந்தது. ஆர்க்கிடெக்ட் அந்த வாரம் வரவில்லை. நான் படி வேலைக்கான கல்லைப் பார்க்கப் போயிருந்தேன். இளையவர் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார்: “சிமென்ட் கலந்தா ரெண்டு நாள்ல இறுகிடும்தானே?” மேஸ்திரி, “இறுகும் சார், ஆனா மேடம் வேண்டாம்னு சொல்லிருக்காங்க” என்றார். “நான் சொல்றேன், போடுங்க.” போட்டுவிட்டார்கள்.

அடுத்து வந்தபோது ஆர்க்கிடெக்ட் சுவரைப் பார்த்ததும் உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி இரண்டு இடத்தில் தெளித்தார். பக்கத்துச் சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. இந்தச் சுவரில் அது கோடு கோடாக வழிந்து தரையில் விழுந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவர் மேஸ்திரியைத் திட்டவில்லை. கூலி கொடுக்கிற வீட்டுக்காரர் நேரில் நின்று சொல்லும்போது மேஸ்திரி மறுக்க முடியாது. அந்த இடத்தில் அவரை நிறுத்தியது ஏற்பாட்டில் இருந்த ஓட்டை. ஆர்க்கிடெக்ட் குடும்பத்தை உட்கார வைத்து, விட்டால் என்ன ஆகும், எடுத்தால் எவ்வளவு செலவு என்று இரண்டையும் சொன்னார். விட்டால் அந்தச் சுவரின் ஈரம் பக்கவாட்டில் அம்மாவின் அறைக்கு நகரும். எடுத்தால் கீழ்ப் பூச்சும் கூடப் பெயரும், தேதிக்குள் முடியாது. இளையவர், தேதியை மாற்றுவது அபசகுனம் என்றார். கடைசியில் அம்மாதான் வழி சொன்னார்: “பால முன் ரூம்ல அடுப்பு வெச்சுக் காய்ச்சிக்கலாம்டா. சமையக்கட்டு ஆகறப்ப ஆகட்டும்.” அப்படியே நடந்தது. சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து அந்தச் சுவரை முதலிலிருந்து செய்தார்கள். அந்தச் செலவை இளையவரே ஏற்றுக்கொண்டார்.

அன்று முதல் கார்பன் தாளோடு ஒரு சைட் நோட்டு வந்தது. எந்த மாற்றமாக இருந்தாலும் அதில் எழுதி, மூத்தவரும் ஆர்க்கிடெக்டும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை. இதனால் அதிகம் நிம்மதி அடைந்தவர் மேஸ்திரி. யார் எதைச் சொன்னாலும், “நோட்டுல எழுதிக் குடுங்க சார்” என்பார். அதற்கப்புறம் சமையலறை மேடையின் உயரம் உள்பட பல மாற்றங்கள் வந்தன. எதிலும் சண்டை வரவில்லை.

அதற்குப் பின்

கூடுதல் அறைகள் செப்டம்பரில் முடிந்தன. அக்டோபர் மழையில் மறுபடி பாலித்தீன் தாள் ஒட்டினோம். அம்மாவின் அறையில் உள் பக்கம் லேசான ஈரப்படலம் மட்டும். சமையலறைச் சுவரில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அது தாமதமாகப் பூசிய சுவர். கால்வாயில் தண்ணீர் தெளிவாக ஓடியது. மேட்டிலிருந்து மண் விழவில்லை.

குளிர்காலத்தில் சுவரில் அங்கங்கே வெள்ளைப் பொடி பூத்தது. சுவருக்குள் இருந்த உப்பு, ஈரத்தோடு வெளியே வருகிறது. குடும்பம் பயந்துபோய்க் கழுவப் பார்த்தது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிட வேண்டும். இரண்டாவது மழைக்காலத்துக்குப் பின் அது பெரிதும் குறைந்துவிட்டது. அம்மா தன் அறைக்கே திரும்பிவிட்டார். ஐப்பசிக்கு முன் கால்வாய் வாருவது மூத்தவரின் பொறுப்பு. முதல் வருஷம் ஆள் கிடைக்காமல் அவரே இறங்கி வாரினார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. முன் அறையின் ஒரு மூலையில், சிம்னிக்குப் பக்கத்தில், இன்னும் ஈரம் இறங்குகிறது. சிம்னியும் தகரமும் சேரும் இடத்தில் மடித்து வைத்த பழைய ஈயத் தகடு கிழிந்திருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சைட் நோட்டு முதல் நாளிலேயே வர வேண்டும். ஒப்பந்தத்திலேயே, வீட்டின் சார்பாக உத்தரவு கொடுப்பவர் ஒருவர்தான் என்று பெயர் போட்டு எழுதிவிட வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் இது கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்காவிட்டால் அந்தச் சங்கடம் மேஸ்திரியின் தலையில் விழும்.

பக்கத்து நிலத்தில் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் வாய்ச் சம்மதத்தை நம்பி ஆள் இறக்கக் கூடாது. எழுத்தில் வாங்கிய பிறகே வரைபடத்தில் கோடு போட வேண்டும். பழைய வீட்டில் தரையைத் திறக்காமல் எஸ்டிமேட் போடுவதும் வீண். இந்த வேலையில் தரைக்குக் கீழே இருந்த இடிபாட்டை அள்ளவே எதிர்பார்த்ததைவிட அதிகம் ஆனது. ஆய்வுக் கட்டத்திலேயே அறைக்கு ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்துவிடலாம். அதற்கு மேலும் ஐந்தில் ஒரு பங்கு தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது நல்லது.

சுண்ணாம்பு வேலைக்காரர்களின் தேதியை உறுதி செய்த பிறகே விசேஷத் தேதி குறிக்க வேண்டும். மலையில் சுண்ணாம்புப் பூச்சுக்கு நல்ல காலம் பிப்ரவரி முதல் மே வரை. குழு ஒரு மாதம் தாமதித்தால் மொத்தக் கணக்கும் தள்ளிப்போகும்.

கூரையை மழையில் கீழேயிருந்து மட்டும் பார்த்தோம். ஏணி வைத்துச் சிம்னி ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பதும் ஆய்வுப் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டும். வரும் பிப்ரவரியில் அந்தப் பக்கத் தகரத்தைக் கழற்றி, புதுத் தகடு வைத்து மூடுவதற்கு நோட்டில் கையெழுத்தாகியிருக்கிறது.